கிழங்கு அவித்த தண்ணீர்

ஆஸ்பத்திரிக் குசினியில் இருபத்தாறு வருடம் சமைத்தேன். எனக்கு எழுத்து வாசிப்புக் குறைவு. ஆனால் ஒருவருடைய சாப்பாட்டை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுத்தேன் என்று யாரும் சொன்னதில்லை. அப்படியிருந்தும் ஒரு மனிதர் என் கையால் சாகப் பார்த்தார்.

அரிப்பு என்ற கரையோர ஊரிலிருந்து வந்த கடற்றொழிலாளி அவர். பெயர் சூசை. சிறுநீரகக் கல்லை வருடக்கணக்கில் கவனிக்காமல் விட்டு, இரண்டு சிறுநீரகமும் பழுது. அவருக்கு மட்டும் தனிச் சமையல். உருளைக்கிழங்கைச் சிறிதாக வெட்டி, நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரை வெளியில் ஊற்றிவிட்டுத்தான் கறி வைக்க வேண்டும். கீரைக்கும் அப்படித்தான்.

நேர்ஸ் சொன்னபடி எல்லாம் செய்தேன். தண்ணீரை ஊற்றத்தான் மனம் வரவில்லை. சத்தெல்லாம் அதில்தானே கிடக்கிறது? மனிதர் எலும்பும் தோலுமாய் இருந்தார். மிளகும் உள்ளிப்பூண்டும் தட்டிப் போட்டு, உப்பில்லாமல் ரசமாக்கி, மூன்று நாள் மத்தியானம் ஒவ்வொரு கோப்பை கொடுத்தேன்.

"இதுதான் அம்மா வாய்க்குப் பிடிக்குது. மற்றதெல்லாம் வைக்கோல் மாதிரி," என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நான்காம் நாள் காலை சாப்பாட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். அவருடைய கட்டிலைச் சுற்றி ஆட்கள். நெஞ்சில் ஈசிஜி வயர்கள். காலைத் தூக்க ஏலாமல் கிடந்தார். டொக்டர் அவருடைய மனைவி ரெஜினாவை ஏசிக்கொண்டு நின்றார்.

"இரத்தத்திலை பொட்டாசியம் ஏறிப்போச்சு. இளநீர் குடுத்தனீங்களோ? வாழைப்பழம்?"

"மாதாவாணை, ஒண்டும் குடுக்கேல்லை ஐயா."

"அப்ப எங்கையிருந்து வந்தது? நல்ல சிறுநீரகமெண்டா கூடினதை வெளியிலை தள்ளிப்போடும். இவருக்கு அப்பிடியே தங்கிடும். இன்னும் ஏறினா இதயம் நிண்டுபோம். இனி நீங்கள் உள்ளுக்கை வரக்கூடாது."

ரெஜினா வாயைப் பொத்திக்கொண்டு அழுதா. நான் வண்டியைக் கட்டிலருகே தள்ளினேன்.

"டொக்டர், கிழங்கு அவிச்ச தண்ணியிலையும் அது இருக்குமோ?"

"அதிலைதான் இறங்கும். அதுக்குத்தானே ஊத்தச் சொன்னது. ஏன்?"

"நான் ஊத்தேல்லை. ரசம் வைச்சுக் குடுத்தனான். மூண்டு நாள்."

அவர் சத்தம் போடவில்லை. "எவ்வளவு?" என்றார். வண்டியிலிருந்த கோப்பையைத் தூக்கிக் காட்டினேன்.

ஊசி போட்டு, டயலிசிஸ் மெசினுக்குக் கொண்டு போனார்கள். ரெஜினா விறாந்தையில் கிடந்த நீள மரவாங்கில் குந்தியிருந்தா. நான் தூணோடு நின்றேன். பின்னேரம்போல, வாங்கில் கொஞ்சம் தள்ளி எனக்கு இடம் விட்டா.

சூசை பிழைத்துக்கொண்டார். டொக்டர் ரெஜினாவைத் திரும்ப உள்ளே வர விட்டார். இரண்டு நாள் கழித்து மத்தியானத் தட்டைப் பார்த்துவிட்டு, "ரசம் எங்கை அம்மா?" என்றார்.

"ஊத்திப்போட்டன் தம்பி."

"அநியாயம். அதொண்டுதானே ருசி."

"இன்னும் ஒரு கோப்பை குடிச்சிருந்தா உங்கடை செத்தவீட்டுக்கும் அவதான் சமைச்சிருப்பா," என்றா ரெஜினா.

அந்தப் பேச்சு எனக்குத் தகும். ஊற்றச் சொன்னபோதே ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். தெரியாது என்று காட்டிக்கொள்ள எனக்கு வெட்கம். பிறகு எந்தச் சாப்பாடு சொன்னாலும், "ஏன் பிள்ளை?" என்று நேர்ஸிடம் கேட்டுவிட்டுத்தான் அடுப்பு மூட்டினேன்.