என் கண்ணாடி மட்டும் பத்திரம்

போன வருடம் மாசி மாதம், எங்கள் ஊர் செஞ்சியில், ராஜகிரி மலைக்கோட்டைப் படிக்கட்டில் நடந்தது இது.

ஐம்பதைத் தாண்டிய பிறகு பிரெஞ்சு கற்கிறேன் பேர்வழி என்று ஞாயிறுதோறும் பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறிக்கொண்டிருந்தேன். என்னைக் கலங்கடித்தது ஒரே பாடம்தான். எழுவாயில் இரண்டு பேர் சேர்ந்து வந்தால் வினைச்சொல் எப்படி முடியும்? நானும் நீயும் என்றால் 'நாம்' கணக்கு. நீயும் அவளும் என்றால் 'நீங்கள்' கணக்கு. தமிழிலும் அதே கதைதான், ஆனால் தமிழில் யோசிக்காமல் பேசிவிடுகிறேன். பிரெஞ்சில் ஒருவரோடு இன்னொருவர் சேர்ந்தாலே எனக்கு வியர்த்துவிடும்.

எங்கள் ஆசிரியைக்குத் தெரிந்த வயதான பிரெஞ்சுத் தம்பதி கோட்டையைப் பார்க்க வந்தார்கள். "நம்ம ஊருதான் மேடம், நான் கூட்டிக்கினு போறேன்" என்று வாயை விட்டேன். உச்சியில் நின்று சுற்றியுள்ள மலைகளைப் பார்க்கவேண்டும் என்பது அந்த அம்மாவுக்குப் பல வருட ஆசையாம். அன்று இரவே விமானம். இருவருக்கும் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும். எனக்குத்தான் பிரெஞ்சில் பேசியே தீருவது என்ற வீம்பு.

பாதி வழியில் குரங்குகள் உட்கார்ந்திருக்கும் வளைவு வந்தது. உள்ளூர்க்காரர்கள் அங்கே கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வோம். என் கையும் தானாக அதையே செய்தது. அப்புறம்தான் உறைத்தது, இவர்களுக்குச் சொல்லவேண்டுமே! 'நீங்களும் உங்கள் மனைவியும் கண்ணாடியைக் கழற்றுங்கள்.' ஐயோ, இரண்டு பேர்! வினைச்சொல்லுக்கு எந்த வால்? ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்துக்கொண்டு வாயைத் திறந்தபடி நின்றேன். அதற்குள் நிஜ வால் ஒன்று சுவரிலிருந்து குதித்து, அந்த அம்மாவின் கண்ணாடியோடு பாறைமேல் ஏறிவிட்டது.

வாழைப்பழம் காட்டினேன், கும்பிடும் போட்டேன். அது கண்ணாடியைக் கடித்துப் பார்த்து, பிடிக்காமல் கை எட்டாத பாறை இடுக்கில் போட்டுவிட்டுப் போனது. மாற்றுக் கண்ணாடி பாண்டிச்சேரியில், அவர்கள் தங்கிய விடுதியில் இருந்தது.

அந்த அம்மா பாதியில் திரும்பிப் போகவில்லை. கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு உச்சிவரை ஏறினார். கண்ணை இடுக்கி இடுக்கிப் பார்த்தார். எல்லாம் மங்கல். பதறிப்போய் என் சட்டைப்பையிலிருந்த கண்ணாடியை எடுத்து நீட்டினேன். நீட்டிய பிறகுதான் அது அங்கே எப்படி வந்தது என்பது அந்த அம்மாவுக்கும் எனக்கும் ஒன்றாக உறைத்தது. போட்டுப் பார்த்தார். பவர் வேறு. சிரித்து, துடைத்துத் திருப்பித் தந்தார். கணவர் ஒவ்வொரு மலையாகக் கைகாட்டிச் சொல்ல, இவர் தலையாட்டிக்கொண்டே நின்றார்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். "கைய காட்டியிருந்தா புரிஞ்சிருக்குமே, அதுக்கும் கிளாஸ் போவணுமா?" என்றாள். "உங்க கண்ணாடி மட்டும் பத்திரமா வந்துட்சி பாருங்க!"

அந்த வினைச்சொல் பாடம் இப்போது எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனாலும் அந்த வளைவில் கண்ணாடியைக் கழற்றும்போதெல்லாம், அந்த அம்மா மங்கலாகப் பார்த்துவிட்டுப் போன எங்கள் ஊர்தான் எனக்கும் கொஞ்ச நேரம் தெரிகிறது.