பச்சைப் பெயின்ட் அடித்த துப்பாக்கி

எழுபதுகளின் கடைசியில் அப்பா காலமானார். அவர் பெயரில் இருந்த துப்பாக்கி லைசென்ஸை அண்ணன் பெயருக்கு மாற்ற வேண்டியிருந்தது. தாலுகா ஆபீஸில் ஒரு படிவம் கொடுத்தார்கள். துப்பாக்கி என்ன ரகம், எங்கே செய்தது, என்ன நம்பர் என்று அதில் கேட்டிருந்தது. அப்பாவின் பழைய லைசென்ஸில் 'நாட்டுத் துப்பாக்கி, ஒன்று' என்பதைத் தவிர வேறு விவரம் இல்லை. துப்பாக்கி பற்றித் தெரிந்தவர் யாரிடமாவது காட்டி எழுதி வாங்கி வரும்படி கிளார்க் சொல்லி அனுப்பினார்.

துப்பாக்கி கரிவலம்வந்தநல்லூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு ஆணிகளில் கிடந்தது. அண்ணன் அந்த வீட்டில் இருந்துகொண்டு விவசாயம் பார்த்தான். நான் கல்யாணமாகி சங்கரன்கோவிலில் பெண்கள் பள்ளியில் சயின்ஸ் டீச்சராக இருந்தேன். பொங்கலுக்குக் கதவு ஜன்னலுக்கெல்லாம் பெயின்ட் அடித்து மிஞ்சியதை அப்பா துப்பாக்கிக்கும் அடித்துவிடுவார். கட்டை, பித்தளை, இரும்பு என்று பார்க்க மாட்டார். வருஷக்கணக்காக அடித்து அடித்து மொத்தமும் பச்சையாகத் தடித்துப் போயிருந்தது. அதன் குழலில் அம்மா ஈரத் துண்டு காயப்போடுவாள்.

அதற்கு ஒரு வரலாறும் இருந்தது. எங்கள் பூட்டனாருக்கு முந்திய ஒருவர் பாளையக்காரர் படையில் இருந்ததாகவும், கோட்டை விழுந்த அன்று அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டதாகவும் அப்பா சொல்லுவார். அதற்குச் சாட்சியாகப் பெயின்டுக்கு அடியில் தடவினால் தட்டுப்படும் இங்கிலீஷ் எழுத்துகளைக் காட்டுவார். டி, டபிள்யூ, ஆர் என்ற மூன்று எழுத்துகள் விரலுக்குத் தெரியும். 'தேவர்' என்று பாளையக்காரரின் பட்டத்தைத்தான் அப்படி வெட்டியிருக்கிறது என்பார். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் தடவிப் பார்த்துவிட்டுத் தலையாட்டுவார்கள். நானும் நம்பினேன். அண்ணன் நம்பியதோடு நிற்காமல் பிறருக்கும் சொல்லிக்கொண்டிருந்தான்.

பனவடலிசத்திரத்தில் ஒருவர் ராணுவத்தில் துப்பாக்கி ரிப்பேர் செய்கிற பிரிவில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று வந்திருந்தார். ஊரில் பம்புசெட், ஆயில் இன்ஜின் வேலை பார்த்தார். போலீஸ் ஸ்டேஷனில் ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு, துப்பாக்கியைப் பாயில் சுருட்டிக்கட்டி, ஒரு சனிக்கிழமை நானும் அண்ணனும் பஸ் ஏறினோம். இங்கிலீஷ் எழுத்தைப் படிக்க ஆள் வேண்டும் என்று என்னைக் கூட்டிப் போனான். பாய்க்குள் என்ன என்று கண்டக்டர் கேட்டதற்கு, கடப்பாரை என்று சொல்லிவிட்டான்.

ஹவில்தார் பாயைப் பிரித்ததும் எழுத்தைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் பார்க்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்றுதான் முதலில் கேட்டார். ஒன்றும் இல்லை, பூட்டன் காலத்திலிருந்து சும்மாதான் தொங்குகிறது என்றான் அண்ணன். அவர் ஒரு நீளக் கம்பியைக் குழலுக்குள் இறக்கினார். அது போய் நின்ற இடத்தில், வாய் விளிம்புக்கு நேராகச் சாக்கட்டியால் கோடு போட்டார். பிறகு கம்பியை உருவி, குழலின் வெளிப்பக்கம் வைத்து அளந்தார். கம்பி அடிவரைக்கும் வரவில்லை.

"நாலு விரக்கடை குறையுது," என்றார். எங்கள் இரண்டு பேரையும் தனக்குப் பின்னால் வந்து நிற்கச் சொன்னார். துப்பாக்கியின் வாயைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். "தம்பி, இது லோடு பண்ணிக் கெடக்கு."

எப்போது லோடு செய்தது என்று அண்ணன் கேட்டான். அறுபது எழுபது வருஷமாவது இருக்கும் என்றார். பிறகு, விசையை இழுத்தால் சுத்தியல் விழும் இடத்தைக் கிளறிப் பார்த்தார். அங்கே ஒரு சின்னக் குமிழ் இருந்தது. அதன் மேல்தான் வெடிக்கிற தொப்பியை வைப்பார்களாம். குமிழில் உள்ள துளை வழியாக நெருப்பு உள்ளே போய் மருந்தைப் பற்ற வைக்கும். "துரு அடைச்சிருக்கு. இந்த ஓட்டை மட்டும் சுத்தமா இருந்து, ஒரு பொட்டு நெருப்பு உள்ள போயிருந்தா முடிஞ்சிருக்கும்," என்றார்.

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. நானும் அவனைப் பார்க்கவில்லை. எங்கள் இருவருக்கும் ஒரே ஞாபகம்தான் வந்திருக்க வேண்டும்.

எனக்கு ஆறு வயது, அவனுக்குப் பதினொன்று. தீபாவளி அன்று துப்பாக்கியை ஆணியிலிருந்து இறக்கி, ஊஞ்சல் பலகையில் குழலைத் தாங்கவைத்து, அந்தக் குமிழ் மேல் ஒரு பொட்டுவெடியை ஒட்டினான். இரண்டு கையாலும் சுத்தியலை இழுத்தான். நான் வெள்ளைக்காரன், கொல்லைக் கதவுக்கு முன்னால் நிற்க வேண்டும் என்று ஏற்பாடு. விசையை இழுத்ததும் பட்டென்று வெடித்தது. நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தேன். அப்பா சிரித்து, பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு இன்னொரு தடவை செய்யச் சொன்னார். இன்னொரு பொட்டு வைத்து, இன்னொரு தடவை சுட்டான்.

துப்பாக்கியை ஹவில்தாரிடம் விட்டுவிட்டுத் திரும்பினோம்.

நாலு நாள் கழித்து மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் என்னைப் பார்க்க ஆள் வந்திருப்பதாக வாட்ச்மேன் வந்து சொன்னார். பள்ளி கேட்டுக்கு வெளியே அண்ணன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். கரிவலத்திலிருந்து வெயிலில் மிதித்து வந்திருந்தான். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை. சட்டை முழுதும் வேர்வை.

"அன்னைக்கு நீ எங்கன நின்ன?" என்றான்.

எந்த அன்றைக்கு என்று நான் கேட்டேன். தெரிந்தேதான் கேட்டேன்.

"தீவாளி அன்னைக்கு. நேரயா நின்ன? தள்ளி நின்னியா? எனக்கு ஞாவகமே வரமாட்டேங்கு. மூணு நாளா யோசிச்சுப் பாக்கேன்."

"தள்ளித்தான் நின்னேன். நீ குறி வச்சது கதவ. நான் அடுக்களைப் பக்கம் நின்னு, சத்தம் கேட்டப்பெறவுதான் ஓடியாந்து விழுந்தேன்."

"ரெண்டாவது தடவையும்?"

"ரெண்டாவது தடவையும்."

அது பொய். இரண்டு தடவையும் நான் நேராகத்தான் நின்றேன். குழலின் வாய் ஒரு வட்டமாகத் தெரிந்தது இப்போதும் நினைவிருக்கிறது. அண்ணன் "அப்படியா, அப்படியா" என்று இரண்டு தடவை சொன்னான். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டான். நம்பினானா இல்லையா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை போனபோது ஹவில்தார் குழலை நாள்கணக்காக ஊறப்போட்டு, உள்ளே இருந்ததை வெளியே எடுத்திருந்தார். ஒரு பேப்பரில் பரப்பிக் காட்டினார். தேங்காய் நார் உருண்டை ஒன்று, ஈயக் குண்டுகள், மறுபடி ஒரு நார் உருண்டை, ஈரக் கரி மாதிரி மருந்து. சண்டைக்குப் போடுகிற தோட்டா இல்லை, காட்டுப்பன்றிக்குப் போட்டது என்றார். கடலைக் காட்டுக்குக் காவல் போன யாரோ மருந்து கெட்டித்துவிட்டு, பன்றி வராததால் அப்படியே கொண்டுவந்து மாட்டியிருப்பார்கள்.

அதன் பிறகுதான் பெயின்டைச் சுரண்டினோம். கட்டையில் இருந்ததை நானும் அண்ணனும் கண்ணாடித் துண்டால் சுரண்ட, இரும்புப் பக்கத்தை அவரே மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்தார். பச்சைக்கு அடியில் நீலம், அதற்கு அடியில் காவி. கடைசியில் எழுத்து வந்தது. ஒரு கிரீடம், பக்கத்தில் பதினெட்டு என்று தொடங்கி அழிந்துபோன ஒரு வருஷம், அப்புறம் ஐந்து எழுத்து. நான் படித்தேன். TOWER.

"இது ஆள் பேரு இல்ல, டீச்சர். டவர்னு லண்டன்ல ஒரு கோட்டை. பட்டாளத்துத் துப்பாக்கில இந்த முத்திரையக் குத்துவான்," என்றார் ஹவில்தார்.

பாளையக்காரர் காலத்துத் துப்பாக்கியில் சிக்கிமுக்கிக் கல்லும் இரும்பும் உரசித் தீப்பொறி விழும், தொப்பி வைக்கிற குமிழ் அப்போது கிடையாது என்று விளக்கினார். அண்ணன் விடவில்லை. குமிழைப் பின்னால் மாற்றியிருக்கக்கூடாதா என்று கேட்டான். அவர் குழலுக்குள் டார்ச் அடித்து எங்களைப் பார்க்கச் சொன்னார். கண்ணாடி டம்ளரின் உட்புறம் போல வழவழவென்று இருந்தது. வெள்ளைக்காரச் சிப்பாய்க்குக் கொடுத்த ரைபிளில் உள்ளே முறுக்காக வரி ஓடும், குண்டு சுழன்று தூரம் போகும். சிப்பாய்க் கலகத்துக்குப் பிறகு நம் ஆட்களை நம்பாமல், வெளியே பார்த்தால் அதே ரைபிள், உள்ளே வரி இல்லாதது என்று செய்து கொடுத்தார்கள். குழலைக் கட்டையோடு பிடித்திருந்த மூன்று இரும்புப் பட்டையும், தூரத்துக்குத் தக்கபடி ஏற்றி இறக்க வழியில்லாத, குறி பார்க்கிற காடியும் அந்த ரகத்துக்கு அடையாளம் என்றார். யார் கையில் இருந்தது, எப்படி நம் வீட்டுக்கு வந்தது என்று தனக்குச் சொல்லத் தெரியாது என்றும் சொன்னார்.

"அப்பம் நம்மாளு வெள்ளைக்காரன்ட்ட சம்பளம் வாங்குன ஆளா?" என்றான் அண்ணன்.

"நான் வாங்கலியா, தம்பி. அவன் போன பெறவும் பட்டாளம் பட்டாளந்தான்," என்றார் அவர். அண்ணன் கண்ணாடித் துண்டை எடுத்துச் சுரண்டத் தொடங்கினான்.

ஒரு மாதம் சனிக்கிழமைகளில் போனோம். பித்தளையைப் புளி போட்டு நான் விளக்கினேன். கட்டைக்கு ஆளிவிதை எண்ணெயை அண்ணன் உள்ளங்கையாலேயே தேய்த்தான். தேய்க்கத் தேய்க்கக் கட்டை கருப்பட்டி நிறத்துக்கு வந்தது, அதில் குத்தியிருந்த நம்பரும் தெளிந்தது. துருவை முழுக்க எடுத்துப் பளபளப்பாக்க வேண்டாம், வயசு தெரியட்டும் என்று ஹவில்தார் இரும்பைக் கறுப்பாகவே விட்டுவிட்டார். இனிச் சுடவே முடியாதபடி குமிழை அடைத்தால் பழம்பொருளாக வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று அதிகாரிகள் சொன்னார்கள். அண்ணன் அவர்களுக்கு முன்னால் நின்று அடைக்கச் செய்தான். படிவத்தை நான் நிரப்பினேன். வீட்டில் யாராவது பாளையக்காரர் துப்பாக்கி என்று தொடங்கினால், இல்லை, இது சிப்பாய்த் துப்பாக்கி என்று அண்ணன் திருத்துவான். முதலில் கொஞ்சம் சுரத்தில்லாமல்தான் சொன்னான். போகப்போக, உள்ளே வரி இல்லாத கதையையும் சேர்த்துக்கொண்டு அரைமணி நேரம் பேசுவான்.

ஈயக் குண்டுகளை ஹவில்தார் ஒரு மருந்துப் பாட்டிலில் போட்டு வைத்திருந்தார். அண்ணன் அதைத் தொட மாட்டேன் என்றான். நான் வாங்கிப் போய்ப் பள்ளி லேபில் வைத்தேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அவற்றைத் தராசில் நிறுத்து, அளவு ஜாடியில் தண்ணீருக்குள் போட்டு, ஈயத்தின் அடர்த்தி கண்டுபிடிப்பார்கள். பதினொன்றுக்கும் கொஞ்சம் மேலே வர வேண்டும். கவனமாகச் செய்கிற பிள்ளைகளுக்கு வந்தது.