வாபஸ் வாங்க முடியாத ஆமென்

எங்கள் சபையைக் கூட்டிச் சேர்த்த அன்று ஆண்டவருக்குக் கொஞ்சம் தூக்கக் கலக்கம் இருந்திருக்க வேண்டும். பாதிப் பேர் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிரிடுகிறவர்கள். அவர்களுக்கு மழை வேண்டும். மீதிப் பேர் எங்களைப் போல மரக்காணம் உப்பளத்துக் கூலிகள். எங்களுக்கு வெயில் வேண்டும். இரண்டு கூட்டத்தையும் ஒரே பாயில் உட்காரவைத்து ஒருமனமாய் ஜெபியுங்கள் என்றால் என்னதான் செய்வது?

சுனாமிக்கு அடுத்த கோடை அது. துன்பம் ஏன் வருகிறது என்று விளக்கம் சொல்ல வேன் வேனாக ஆட்கள் வந்துபோன காலம். ஒருவர் தண்டனை என்றார், இன்னொருவர் சோதனை என்றார். இருவருமே பிரியாணி சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலத்துக்குள் பாண்டிக்குத் திரும்பிவிட்டார்கள். சேறு ஏறிக் கிடந்த உப்புப் பாத்திகளை நானும் அம்மாவும் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்தினோம். அம்மாவின் பாதம் வெடித்து ரத்தம் கசிந்தது. அதற்கு விளக்கம் சொல்ல எந்த வேனும் வரவில்லை. கோடையில் உப்பு வாரினால்தான் கூலி. வேலையே இல்லாத மழைக்காலத்தில் அந்தக் கூலிதான் எங்களுக்குச் சோறு.

உப்பு நன்றாக விளைந்து, வாரத் தயாராக இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாஸ்டர் கண்ணை மூடி உருகினார். "காய்ந்து கிடக்கிற நிலத்துக்கு மழையைக் கட்டளையிடும் ஆண்டவரே!"

மல்லாட்டைக்காரர்கள் ஆமென் என்றார்கள். அவர்களையும் மிஞ்சி, கூரை அதிர ஒரு ஆமென் என் பக்கத்திலிருந்து கிளம்பியது. பார்த்தால், அம்மா!

"யம்மா, என்னா கேட்டாருன்னு தெரியுமா?"

"கால் வலில கண்ண மூடினு இருந்தேன்டி. என்னா கேட்டாரு?"

"மழ."

"அடிப்பாவி! கிள்ளக் கூடாதா நீ?"

பழகிப்போன வாய். ஜெபம் நின்றால் ஆமென் தானாக வந்துவிடும்.

மழை செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. சுனாமி அன்று அத்தனை பேர் கூப்பிட்டும் காது கேட்காதவருக்கு, அம்மாவின் வாய்தவறிய ஆமென் மட்டும் கணீரென்று கேட்டுவிட்டது. பாத்தி பாத்தியாக உப்பு கரைந்தது. அம்மா ஈரப் புடவையோடு நேராக பாஸ்டர் வீட்டுக்குப் போனாள்.

"பாஸ்டரய்யா, அன்னைக்கு சொன்ன ஆமென வாபஸ் வாங்கிக்கிறேங்க."

"ஆண்டவர்கிட்ட சொன்னத வாபஸ் வாங்க முடியாதும்மா. எல்லாம் நன்மைக்கே."

"யாரு நன்மைக்குங்க?"

பாஸ்டர் உள்ளே போய்த் தன் குடையை எடுத்துவந்தார். அதைக் கொடுத்தார். நல்ல மனுஷன்.

அதற்குப் பிறகு அம்மா கோயிலில் வாயே திறக்கவில்லை. பாட்டில்லை, ஆமென் இல்லை. அப்பா போன பிறகு அவளுக்குச் சண்டை போட இருந்த ஒரே ஆள் ஆண்டவர்தான். அவரோடும் பேச்சு நின்றுவிட்டால் எப்படித் தாங்குவாள்?

அறுப்பின் பண்டிகை வந்தது. மல்லாட்டை மூட்டை மூட்டையாகக் காணிக்கைக்கு வந்து இறங்கியது. வருஷா வருஷம் ஒரு கூடை உப்பு வைக்கும் அம்மா வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தாள். பாஸ்டர் விடவில்லை. "உங்க காணிக்கை எங்கம்மா?"

அம்மா எழுந்தாள். "நாங்க மழ வந்த அன்னைக்கே குடுத்துட்டோம் பாஸ்டரய்யா. தோ, மூட்டமூட்டயா நிக்குது பாருங்க."

மல்லாட்டைக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பாஸ்டர் கண்ணை மூடிச் சின்னதாக ஒரு ஜெபம் செய்தார். ஜெபம் முடிந்தும் ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. சபை மொத்தமும் திரும்பி அம்மாவைப் பார்த்தது.

அம்மா அவசரப்படவில்லை. என் பக்கம் குனிந்தாள்.

"என்னா கேட்டாரு?"

"எல்லார் வூட்லயும் அடுப்பு எரியணும்னு."

"நல்லா கேட்டியா?"

"கேட்டேம்மா."

"ஆமென்" என்றாள் அம்மா.