எண் போட்ட கல்லறைகளுக்கு ஒரு கூடைப் பூ

சுமத்ராவில் எங்கள் ஊர் சாவாலுந்தோவில் நிலக்கரிச் சுரங்கத்தை மூடியாயிற்று. மத்தியானச் சங்கு மட்டும் இன்னும் ஊதுகிறது. டச்சுக்காரன் ஜாவாவிலிருந்து விலங்கு பூட்டிக் கொண்டுவந்து நிலக்கரி வெட்ட வைத்தானே, அந்தக் கைதிகளுக்கு இப்போது சிலை. பக்கத்தில் நின்று படம் பிடித்துக்கொள்ளாத ஆள் இல்லை. அவர்கள் வம்சத்தில் பெண் எடுக்கச் சொல்லுங்கள், முகம் சுருங்கிவிடும். நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் பக்கத்துக் கடை சுகினெம் அந்த வம்சம்தான். வேகவைத்த கீரையில் கடலைச் சாந்து ஊற்றி விற்றே, ஒற்றை ஆளாக மகளை நர்ஸுக்குப் படிக்க வைத்தவள். பள்ளிக்கூடத்தில் "சங்கிலிக்காரன் பேத்தி" என்று கேலி செய்தவர்கள் சாப்பிட வந்தாலும் ஒரு கரண்டி கூடத்தான் ஊற்றுவாள். எனக்கெல்லாம் அந்த மனசு வராது.

மகள் ரெஸ்திக்குப் பாடாங் நகரத்தில் வரன் அமைந்தது. பையனின் தாய் ரோஸ்னிதார் நாள் குறிக்க வந்திருந்தார். கல்யாணத்துக்கு முன் முன்னோர் கல்லறையில் பூத் தூவுவது எங்கள் ஜாவாக்காரர் வழக்கம். ரெஸ்தி அடுக்களையில் என் எதிரிலேயே தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, அவங்க ஊருக்குப் போனப்புறம் போலாம்மா. கைதி வம்சம்னு தெரிஞ்சா கல்யாணமே நின்னுடும்."

"நின்னா நிக்கட்டும்டி. அந்தக் கைதி இல்லாம நீ எங்கேருந்து வந்தே?"

சுகினெம் பூக்கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வாசலில் ரோஸ்னிதார் நின்றார்.

"எங்கே கிளம்பிட்டீங்க சம்பந்தியம்மா? நானும் வர்றேன்."

நானும் சேர்ந்து நாலு பேராகப் போனோம். குன்றின் சரிவெல்லாம் கல்லறைகள். ஒன்றிலும் பெயர் இல்லை, எண்தான்.

"இது கைதிங்களைப் புதைச்ச இடமாச்சே?" என்றார் ரோஸ்னிதார்.

"ஆமாங்க. எங்க தாத்தாவோட அப்பா இங்கேதான் இருக்காரு."

ரெஸ்தி தலையைத் தூக்கவே இல்லை.

"எது அவரோடது?"

"தெரியாதுங்க. அவரு நம்பர் என்னன்னு யாரும் எங்களுக்குச் சொல்லல. அதான் எல்லாருக்கும் போட்டுடுவேன். அவரு விட்டுப்போயிடக் கூடாதுல்ல?"

ரோஸ்னிதார் ஏதாவது ஏடாகூடமாகச் சொல்லட்டும், பிடிபிடியென்று பிடித்துவிடுவது என்று நான் தயாராக நின்றேன். அந்த அம்மாள் சரிவின் கோடிவரை ஒருமுறை பார்த்தார். பிறகு சால்வை முனையை விரித்துப் பிடித்தார்.

"இதுல பாதியைக் கொட்டுங்க. நான் அந்தக் கோடியிலேருந்து வர்றேன். நீங்க ஒருத்தரே போட்டா மத்தியானச் சங்கே ஊதிடும். அப்புறம் எப்போ நாள் குறிக்கிறது?"

சுகினெம் கூடையைச் சாய்த்தாள். அவசரத்தில் கொஞ்சம் பூ தரையில் கொட்டியது. ரெஸ்திதான் மண்டியிட்டு, ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.