ஆகுத்தே என்று வாங்கிய டிஸ்க்

போன வாரம் என் கடைக் கம்ப்யூட்டருக்கு எஸ்.எஸ்.டி. என்கிற வேகமான டிஸ்க் ஒன்று வாங்கப் பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்குப் போயிருந்தேன். விவேக் நகரில் பாஸ்போர்ட் போட்டோ எடுக்கிற கடை என்னுடையது. சிஸ்டத்தை ஆன் செய்தால், வந்தவர் தலைவாரி, பவுடர் போட்டு, அந்தப் பவுடர் வேர்வையில் வழிகிற வரைக்கும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். சிஸ்டத்தை எழுப்புகிற ஓ.எஸ்.ஸை எஸ்.எஸ்.டி.யில் போட்டால் சரியாகிவிடும் என்பது ஊருக்கே தெரியும். எந்த எஸ்.எஸ்.டி. என்று மச்சானிடம் வாய்தவறிக் கேட்டுவிட்டேன். வரிசையாக வீடியோ அனுப்பினான். ஒவ்வொன்றிலும் ஒரு தாடிக்காரர், பின்னால் ஊதா விளக்கு, அட்டைப் பெட்டியைப் பிரிப்பதற்குக் கருவறைக் கதவைத் திறக்கிற பாவனை. நொடிக்கு இத்தனை ஆயிரம், அத்தனை ஆயிரம் என்று ஒரே கூச்சல். ஒரு மனுஷன் மூஞ்சியை எட்டுத் தடவை அச்சடிக்க எதற்கடா இந்த வேகம்?

கவுண்டரில் பெட்டியைப் பிரித்ததும் வெள்ளி உறைக்குள்ளிருந்து புது பிளாஸ்டிக் வாசனை வந்தது. இதே வாசனையை நான் முதலில் முகர்ந்தது பிரேசர் டவுனில், தேவராஜ் என்பவருடைய கல்யாண ஆல்பம் கடையில். நாலாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்ட எனக்கு அங்கே வெட்டுகிற, ஒட்டுகிற வேலை. அதனால் எல்லோருக்கும் நான் மாஸ்டர். வாய் திறக்காத மாஸ்டர். கம்ப்யூட்டரில் பக்கம் வடிவமைத்தது ஸ்டெல்லா. என் வயதுதான் இருக்கும். நான் மேடம் என்று கூப்பிடுவேன், அதற்கே காது சூடாகிவிடும்.

தேவராஜைப் பற்றிச் சொல்ல ஒரு சொல் போதும்: ஆகுத்தே. ஆகும், நடக்கும் என்று அர்த்தம். வேலூர்ப் பக்கமிருந்து வந்து இத்தனை வருஷத்தில் அவர் கற்றுக்கொண்ட கன்னடம் அவ்வளவுதான்.

“ஞாயித்துக்கெழமைக்குள்ள ஆல்பம் ஆகுமாண்ணா?”

“ஆகுத்தே, குரு!” வருகிறவர்கள் எல்லோருமே அவருக்குக் குருதான்.

“மாப்பிள்ளைய கொஞ்சம் செவப்பா காட்டணுமே?”

“ஆகுத்தே!”

போன வருஷமே செத்துப்போன அப்பாவைப் பெண்ணோடு கல்யாண மேடையில் நிற்கவைக்க வேண்டுமா? அதுவும் ஆகுத்தே. சொல்வது அவர், செய்வது ஸ்டெல்லா. அந்த சிஸ்டமோ எழுந்திருக்கவே பாதிக் காலைப்பொழுது ஆகும்.

ஸ்டெல்லாவுக்குப் பொம்மனஹள்ளியில் அட்டைப்பெட்டி டிசைன் செய்யும் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்திருந்தது. தேவராஜிடம் நேராகவே கேட்டுவிட்டார்.

“சார், ஓஎஸ்ஸுக்கு மட்டும் ஒரு சின்ன சாட்டா எஸ்எஸ்டி போடுங்க, கேபிள்ல மாட்டுறது. நான் இங்கயே இருக்கேன். இல்லேன்னா ஒண்ணாந்தேதி கெளம்பறேன்.”

கையில் பிளேடோடு அப்படியே நின்றேன். அதுவரை கம்ப்யூட்டர் சாமானுக்காக நான் சாமி கும்பிட்டதில்லை.

தேவராஜ் கம்ப்யூட்டர் கடைக்குப் போய், எந்தப் பெட்டியில் எண் பெரிதாக அச்சடித்திருந்ததோ அதை வாங்கிவந்தார். பபிள்கம் பட்டை மாதிரி ஒன்று, அதைச் சொருக ஒரு கார்டு, கார்டில் சிவப்பு விளக்கு.

“சாட்டாவாம் சாட்டா! அது மாட்டு வண்டி. இது ராக்கெட்டு, குரு!”

“நம்ம பழைய மதர்போர்டுல இதுலேருந்து சிஸ்டம் பூட் ஆகுமா சார்?” என்றார் ஸ்டெல்லா.

“கடைக்காரனே ஆகுத்தேன்னுட்டான். உனுக்கு என்ன?”

ஆகுத்தே என்று ஊரையே ஏமாற்றிய மனுஷன், அதே சொல்லை இன்னொருத்தன் சொன்னதும் நம்பிவிட்டார். இப்படி ஒரு முட்டாளை நான் அதற்கப்புறமும் பார்க்கவில்லை.

மாட்டினார்கள். விளக்கு எரிந்தது. அவ்வளவுதான்.

“சிஸ்டம் முழிக்கும்போதே இது கண்ணுக்குத் தெரியணும் மாஸ்டர்,” என்றார் ஸ்டெல்லா. “நம்ம போர்டு எழுந்து, பல்லு வெளக்கி, காபி குடிச்சப்பறம்தான் இத யாருன்னே கேக்குது.”

ஆக, ஓ.எஸ். பழைய டிஸ்க்கிலேயே கிடந்தது. ராக்கெட்டில் மாலையும் கழுத்துமாக போட்டோக்கள் தூங்கின. மாற்றிக்கொண்டு வரலாமே என்றால், “எதுக்கு? லைட் எரியுதில்ல?” என்றார் தேவராஜ். வருகிறவர்கள் அந்த விளக்கைப் பார்க்கட்டும் என்று கேபினெட்டின் பக்கத்துத் தகட்டையே கழற்றிவைத்தார்.

மாதக் கடைசியில் ஒரு காலை. வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. மெதுவான கம்ப்யூட்டர் காலத்தில் மனிதர்கள் மனம்விட்டுப் பேசினார்கள் என்று இப்போது உருகுகிறவர்கள் இருக்கிறார்கள். பேத்தல். நாங்கள் வட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். அன்றைக்கு ஸ்டெல்லா திடீரென்று கேட்டார்:

“இன்னும் ஒரு மாசம் பாக்கட்டுமா மாஸ்டர்? சார் மாத்துவாரா?”

மாத்துவார் என்று சொல்லியிருந்தால் இருந்திருப்பார். எங்கிருந்தோ வாய் வந்தது.

“மாத்த மாட்டாரு. அந்தாளு ஒரு தண்டம். போயிடுங்க மேடம்.”

திரும்பிப் பார்த்தவர் அப்படிச் சிரித்தார்.

“அடப்பாவி! இப்படியெல்லாம் பேச வரும்னு இத்தன நாள் சொல்லவே இல்லியே?”

ஒண்ணாந்தேதி அவர் நாற்காலியில் தேவராஜின் ஹெல்மெட் இருந்தது.

போன வாரம் நான் வாங்கிவந்தது சின்ன சாட்டாதான். கண்மூடித் திறப்பதற்குள் சிஸ்டம் எழுந்துவிடுகிறது. பிரேசர் டவுன் கடை இருந்த கட்டடத்தை இடித்துவிட்டார்கள். கல்யாணமெல்லாம் போனுக்குள் போய்விட்டது, ஆல்பம் கேட்டு யாரும் வருவதில்லை. பொம்மனஹள்ளியில் அந்த அட்டைப்பெட்டி கம்பெனியும் இப்போது இல்லை. முதலில் போர்டைக் கழற்றினார்கள், அப்புறம் ஷட்டர் இறங்கியே இருந்தது, இப்போது மெத்தைக் கடை. எல்லாம் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததுதான். அந்தப் பக்கம் எனக்கு என்றைக்கும் வேலை இருந்ததில்லை.