வெர்லின் கேட்ட கிழட்டு ஆட்டக்காரன்

அமெரிக்காவில், சாகினா என்ற ஊரில் நாங்கள் வேலை பார்க்கும் இரும்பு வார்க்கும் தொழிற்சாலையில் பன்னிரண்டு பேர் கற்பனை ஃபுட்பால் லீக் நடத்துகிறோம். நிஜ ஆட்டக்காரர்களைப் பங்கு போட்டுக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஆடுவது எங்களுக்குப் புள்ளி. எடுத்த ஆள் வருஷக்கணக்கில் நம்மிடமே இருப்பான். வருஷத்துக்கு ஒருநாள் புதுமுகங்களை எடுப்போம். அதில் முதலில் எடுக்கும் வாய்ப்பைக்கூட முன்கூட்டியே விற்கலாம், வாங்கலாம்.

உலையடியில் நின்ற வெர்லின் ஸ்டாடர்ட் பதினோரு வருஷமாக ஜெயித்ததே இல்லை. நன்றாக ஆடுகிறவனுக்கு இருபத்தெட்டு வயதானதும் விற்றுவிட்டு, வரும் வருஷங்களின் வாய்ப்புகளை வாங்கி அடுக்குவான். அவன் பொறுமையைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

2019 செப்டம்பரில், சாப்பாட்டு இடைவேளையில் என் எதிரே வந்து உட்கார்ந்தான். ஆள் இளைத்திருந்தான்.

"கேல்வின், உன் டீம்ல இருக்குற அந்த முப்பத்தொரு வயசு ஆட்டக்காரனைக் குடு. என் டீம் சின்னப் பசங்க மூணு பேரு, மூணு வருஷத்து முதல் வாய்ப்பு, எல்லாத்தையும் எடுத்துக்கோ."

"யோவ், மூளை கழண்டுருச்சா? இந்த சீசனோட அவன் முட்டி போயிடும்யா!"

"இந்த சீசன் போதும்."

எனக்குக் கசக்குமா? உடனே சரி என்றேன். ஆனால் லீக்கை நடத்தும் ஓரின், பகல் கொள்ளை என்று கத்தினான். எங்கள் விதிப்படி ஏழு பேர் எதிர்த்தால் பேரம் ரத்து. ஆறு கைகள் உயர்ந்தன. எல்லாரும் என்னைப் பார்த்துத் திருடன் என்று சிரித்தார்கள். ரோஷம் வந்து ஏழாவது கையை நானே தூக்கினேன்.

"உன் எதிர்காலத்தைக் காப்பாத்திருக்கோம்டா, பின்னாடி எங்களைக் கும்பிடுவே" என்றான் ஓரின், வெர்லினிடம்.

வெர்லின் வாயைத் திறந்தான். பிறகு, "சரி, விடுங்க" என்று எழுந்து போனான்.

டிசம்பரில், இறுதிச் சுற்றுக்குப் போகவேண்டிய ஆட்டத்தில் நாலு புள்ளியில் தோற்றான். அவன் கேட்ட என் கிழட்டு ஆட்டக்காரன் அன்று முப்பது புள்ளி எடுத்தான். பத்து நாளில் வெர்லின் செத்துப்போனான். கணையத்தில் புற்றுநோய், ஜூலையிலேயே அவனுக்குத் தெரியுமாம்.

இறுதிச் சடங்கில் அவன் மனைவி லோர்னா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு தடவை ஜெயிக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. சொன்னா பாவம் பார்த்து விட்டுக்குடுப்பீங்கன்னு நோயை மறைச்சாரு. அந்தப் பேரத்தைக் கெடுத்தது யாரு, கேல்வின்?"

கூசிப்போனேன். இருந்தும் ஓரின் பெயரைத்தான் சொன்னேன்.