தவளைக்குப் பசை போட்ட கதை

1. திறக்காத வயிறு

பிளஸ் ஒன் விலங்கியல் செய்முறைத் தேர்வுக்கு முந்தின நாள் காலை, ஒரு வாரமாகப் பூட்டிக் கிடந்த லேபைத் திறந்து தவளை மாடலின் வயிற்று மூடியைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. மழை ஈரத்தில் இறுகியிருக்கும் என்று ஸ்கேலை நுழைத்து நெம்பினேன். ஸ்கேல்தான் உடைந்தது.

இது உயிருள்ள தவளை அல்ல. முயல் அளவுக்குப் பெரிய ஃபைபர் தவளை. வயிற்று மூடியைக் கழற்றினால் உள்ளே கல்லீரல், இரைப்பை, குடல், இதயம் எல்லாம் தனித்தனித் துண்டுகளாக இருக்கும். எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் பொருத்தலாம். உயிருள்ளதை அறுப்பது நின்ற பிறகு எங்கள் பள்ளிக்கு வந்தது. அதற்காக நான் எத்தனை முறை ஆபீஸ் படி ஏறி இறங்கினேன் என்பது வேறு கதை.

போச்சம்பள்ளிக்கும் மத்தூருக்கும் நடுவே இருந்த ஒரு தனியார் பள்ளியில் விலங்கியல் ஆசிரியையாக இருந்து போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். புதிதாக லேப் சாவியை வாங்கிக்கொள்ளும் இளைய ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. எழுதினாலாவது குறைகிறதா பார்ப்போம்.

2. ஏ.ஓ. சாரும் அவருடைய ஃபாரமும்

பள்ளியின் முதலாளிக்கு இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு வண்டிப் பாகங்கள் கம்பெனி உண்டு. அங்கே தரம் பார்க்கும் குவாலிட்டி பிரிவில் ரிட்டயரான ஏகாம்பரம் சாரை எங்களுக்கு ஏ.ஓ.வாக, அதாவது நிர்வாக அலுவலராக, அனுப்பிவைத்தார். நல்ல மனிதர்தான், காலை ஏழு மணிக்கே வந்துவிடுவார். ஆனால் பள்ளிக்கூடத்தையும் கம்பெனியாகவே பார்த்தார். இடம் மாறியிருக்கும் பொருளுக்கெல்லாம் சிவப்பு அட்டை கட்டுவார். ஒருமுறை என் குடைக்கும் கட்டினார்.

ஏதாவது குறை என்றால் வாயால் சொல்லக் கூடாது, அவர் அச்சடித்த ஃபாரத்தில் எழுதித் தர வேண்டும். அதில் 'குறை என்ன' என்று ஒரு கட்டம், 'முடித்த தேதி' என்று ஒரு கட்டம். என்ன வேண்டும் என்று கேட்க ஒரு கட்டம் கிடையாது.

அன்று காலை அவரிடம் போய்த் தவளையைப் பற்றிக் கேட்டதும் அவர் முகமெல்லாம் மலர்ந்தது.

"முடிச்சாச்சு மேடம்! பதினாலாந்தேதியே குளோஸ் பண்ணிட்டன்."

"என்னத்த சார் முடிச்சீங்க?"

"நீங்கதான எழுதிக் குடுத்தீங்க, பார்ட்டெல்லாம் கழண்டு விழுவுதுன்னு. கம்பெனியில இருந்து பசை எடுத்தாந்து எல்லாத்தையும் ஒட்டிட்டன். இப்ப ஆட்டிப் பாருங்க, ஒண்ணு அசையாது."

ஃபாரத்தை எடுத்துக் காட்டினார். என் கையெழுத்துதான். 'தவளை மாடலில் உறுப்புகள் கழன்று விழுகின்றன. உடனடி நடவடிக்கை தேவை.' தவளையின் இதயம் இரண்டு நாள் காணாமல் போய், வராந்தாவில் பையன்கள் அதைக் காலால் எத்தி விளையாடியதைப் பார்த்த கோபத்தில் எழுதியது. துண்டுகளைப் போட்டுவைக்க மூடி போட்ட ஒரு டப்பா வேண்டும் என்பதுதான் என் எண்ணம். ஆனால் டப்பா என்ற சொல்லை நான் எழுதவே இல்லை. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவள் நானேதான்.

3. நந்தினி

மற்ற பிள்ளைகளுக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. சுவரில் படம் இருக்கிறது, அதைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். நந்தினிக்குத்தான் வழியில்லை.

அவளுக்குப் பிறவியிலிருந்தே பார்வை மங்கல். புத்தகத்தை மூக்கோடு ஒட்டிவைத்துப் பூதக்கண்ணாடியில் படிப்பாள். சுவரில் மாட்டிய படம் அவளுக்கு வெறும் சுவர்தான். அவளை உயிரியல் பிரிவில் சேர்க்கும்போதே நிர்வாகம் கறாராகச் சொல்லிவிட்டது, செய்முறையில் தேறாவிட்டால் வேறு குரூப்புக்கு மாற்றிவிடுவோம் என்று. அவள் அப்பா விருதுநகர்ப் பக்கத்துக்காரர், எஸ்டேட்டில் ஷிப்ட் வேலை. கம்பெனி பஸ்ஸிலிருந்து யூனிஃபார்மோடு இறங்கி வந்து என்னிடம் கேட்டார்: "எம்புள்ள எப்படியும் படிச்சிருவா டீச்சர். குரூப்ப மட்டும் மாத்திப்புடாதீக."

அந்த ஃபைபர் தவளையை அவள் விரலால் படித்தாள். மதிய இடைவேளையில் துண்டு துண்டாக எடுத்துத் தடவிப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டே திரும்பப் பொருத்துவாள். யாராவது துண்டை மாற்றி வைத்திருந்தால் திட்டுவாள். வாய் நீளம்தான், ஆனால் திட்டுவதில் நியாயம் இருக்கும்.

4. முனிராஜ் வந்தார்

பசை போட்டவர்களே எடுக்கட்டும் என்று கம்பெனியிலிருந்து ஃபிட்டர் முனிராஜை வரவழைத்தேன். தின்னர் ஊற்றிப் பார்த்தார். தவளையின் பச்சைப் பெயின்ட் கரைந்தது, பசை கரையவில்லை. சுடுகாற்று அடித்தார். மூக்கு உருகியது.

"மேடம், இது இரும்பு ஒட்டுற பசைங்க. தவள உடைஞ்சாலும் உடையும், இது விடாது."

"அறுத்துடுங்க."

"தவளயவா?"

"ஆமாய்யா, தவளையத்தான்!"

பிளேடு போட்டு வயிற்று மூடியை அறுத்து எடுத்தார். உள்ளே கல்லீரலிலிருந்து குடல் வரை அத்தனையும் ஒரே கட்டி. மேலே கண்ணாடி மாதிரி அரை விரல் கனத்துக்குப் பசை. உயிரை அறுக்க வேண்டாம் என்று வாங்கிய மாடலை ஆக்சா பிளேடால் அறுத்தும் பலன் இல்லை. தலையில் அடித்துக்கொண்டேன்.

நந்தினி வந்து பசைமேல் விரலை ஓட்டினாள்.

"எந்த லூசு மிஸ் இப்பிடிப் பண்ணது?"

பாதி லூசு நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. பிறகு கேட்டாள்.

"ஹாஸ்டல் மெஸ்ல சப்பாத்தி மாவு இருக்குமா மிஸ்?"

"எதுக்குடி?"

"உள்ள இருக்கிறத நானே செஞ்சு வச்சிட்டாப் போச்சு."

5. கேன்டீனா லேபா

தேர்வன்று காலை மெஸ்ஸிலிருந்து ஒரு குண்டான் கோதுமை மாவும், ஒரு உருண்டை ராகி மாவும், கொஞ்சம் மஞ்சள் தூளும் வந்தன. பெஞ்சுக்கு அடியில் கிடந்த, முன்பு தவளை அறுத்த பழைய டிசெக்‌ஷன் ட்ரேயை அவளே கேட்டு வாங்கினாள். அதில் கருப்பு மெழுகு ஊற்றியிருக்கும். கருப்பின்மேல் வெள்ளை மாவு வைத்தால் அவள் கண்ணுக்கும் ஓரளவு தெரியும். எனக்கு இது தோன்றவே இல்லை.

எக்ஸாமினர் ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து வந்திருந்தார். குண்டானைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இன்னாம்மா இது, கேன்டீனா லேபா?"

அறுபட்ட தவளையைக் காட்டினேன். அவரும் கல்லீரலைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், பாவம்.

"அதுக்குன்னு மாவ வெச்சுப் பரீட்ச எழுதறதா? நாளைக்கி என்னத்தான் கேப்பாங்க."

"படத்துலயோ மாடல்லயோ காட்டணும், அவ்வளவுதான சார்? கடையில வாங்குனா மாடல், கையால செஞ்சா மாடல் இல்லையா? எதையாவது தப்பா வச்சான்னா மார்க்கக் குறைங்க. நான் ஒரு வார்த்த பேசமாட்டன்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார். அவள் ராகி மாவில் கல்லீரலை உருட்டி மடல் மடலாகப் பிரித்தாள், இடையில் பித்தப்பையைச் சொருகினாள். இதயத்தைப் பிடித்து, நகத்தால் கீறி மூன்று அறை காட்டினாள். இரைப்பையை இடப்பக்கம் வளைத்தாள். குடலைத் திரித்துச் சுருட்டினாள். சிறுநீரகம் இரண்டையும் முதலிலேயே அடியில் வைத்துவிட்டிருந்தாள், அடியில் இருப்பதைப் பிறகு வைக்க முடியாது என்பது அவளுக்குத் தெரியும். மஞ்சள் கலந்த மாவை விரல் விரலாகக் கிள்ளி வைத்து, "இது கொழுப்பு சார், தின்னுடாதீங்க" என்றாள். எக்ஸாமினர் ட்ரேமேல் குனிந்தார்.

"மண்ணீரல் எங்கம்மா?"

மிளகு அளவுக்கு ஒரு ராகி உருண்டை பிடித்து, மலக்குடல் தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில் விரலால் தடவிப் பார்த்து வைத்தாள்.

அவர் பேனாவைத் திறந்தார். மார்க் போட்டு, தாளை மடித்து உறைக்குள் வைத்தார். போகும்போது, "அந்தப் பசை போட்டவர எனக்குக் காட்டவேணாம், எனக்குப் பிபி இருக்குது" என்றார்.

நந்தினி குரூப் மாறவில்லை. பிளஸ் டூவையும் அதே பிரிவில் முடித்துவிட்டுத்தான் போனாள்.

6. எழுதத் தெரியாதவள்

தேர்வு முடிந்த அரைமணியில் ஏகாம்பரம் சார் வந்து மாவுக் குண்டானுக்குச் சிவப்பு அட்டை கட்டினார். "லேப்ல ஃபுட் ஐட்டம் மேடம். எறும்பு வரும்." அவரோடு சண்டை போட எனக்குத் தெம்பில்லை. புது ஃபாரம் ஒன்றை வாங்கி, குறை என்ற கட்டத்தை அடித்துவிட்டு எழுதினேன்: 'தவளை மாடல் ஒன்று வேண்டும். மூடி போட்ட டப்பா ஒன்று வேண்டும். ஒட்ட வேண்டாம், ஆணி அடிக்க வேண்டாம், பெயின்ட் அடிக்க வேண்டாம்.' படித்துப் பார்த்து, "இத மொதல்லியே எழுதியிருக்கலாமே மேடம்?" என்றார். எழுதியிருக்கலாம்தான். குறையை மட்டும் எழுதிக் கொடுத்தால் தீர்வை இன்னொருவர் முடிவு செய்வார். அந்தப் பொருளை யார் கையால் தொடுகிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்காது. இளையவர்களுக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு, அதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. அறுக்கும் பாடம் இருந்த காலத்தில், ஏரிப்பக்கமிருந்து சாக்கில் வரும் தவளைகளை வருடா வருடம் நானே மயக்கி, ட்ரேயில் குண்டூசி குத்தி அறுத்துக் காட்டியிருக்கிறேன். அறுத்தால்தான் மனதில் நிற்கும் என்று பெற்றோர்களிடம் வாதாடியிருக்கிறேன். அன்று மாலை எல்லோரும் போன பிறகு, மீந்த மாவை எடுத்து நானும் ஒரு தவளை செய்துபார்த்தேன். கல்லீரல் வந்தது, குடல் வந்தது. பித்தப்பையை மூன்று தடவை இடம் மாற்றி வைத்தேன். ஒருவழியாக முடித்தேன்.

அப்பாவின் ஷிப்ட் முடியட்டும் என்று காத்திருந்த நந்தினி உள்ளே வந்தாள். ட்ரேமேல் குனிந்து, மூக்கு மாவில் படுகிற அளவுக்கு நெருங்கி, விரலால் ஒரு சுற்றுத் தடவினாள்.

"மிஸ், மண்ணீரல் எங்க?"

ட்ரேயைப் பார்த்தேன். நான் வைக்கவே இல்லை.